டிக்கெட் இல்லாத சித்திரசாலை: செயிண்ட் லூயிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு!

அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசிசிப்பி நதிக்கரையில் இருக்கிறது செயிண்ட் லூயிஸ் நகரம். நகரத்தின் மேற்கே 1,300 ஏக்கர் பரப்பில் ஒரு பெரிய பூங்கா. 'பாரஸ்ட் பார்க்' என்று பெயர். பூங்காவுக்குள் ஒரு குன்று. குன்றின் உச்சியில், கல் தூண்கள் தாங்கி நிற்கும் ஒரு மாளிகை. அதன் முகப்பில் இப்படிப் பொறித்திருக்கிறார்கள்:

"கலைக்கு அர்ப்பணம், எல்லோருக்கும் இலவசம்."

அதுதான் செயிண்ட் லூயிஸ் சித்திரசாலை. உள்ளே 34,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் இருக்கின்றன. வாசலில் டிக்கெட் கொடுக்கும் அறையில் க்யூ நிற்க வேண்டியதில்லை. "எந்த ஊர்? எந்த நாடு?" என்று கேட்பாரும் இல்லை. கதவு திறந்திருக்கும் நேரத்தில் யாரும் நுழையலாம்.

பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்காவுக்குப் போகும் பெற்றோர்கள் இன்று எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இந்த ஊர்ப் பக்கம் போகக் கூடும். போனால், இந்தச் சித்திரசாலையை எப்படிப் பார்ப்பது? எதை முதலில் பார்ப்பது? அதைச் சொல்வதற்கு முன், இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இலவசம் என்றால், யார் காசில் இலவசம்?

பொருட்காட்சி போனது, மாளிகை நின்றது!

செயிண்ட் லூயிஸில் 1904-ம் ஆண்டு ஒரு மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஏழு மாதங்களில் சுமார் 2 கோடிப் பேர் வந்து பார்த்தார்கள். கண்ணைப் பறிக்கும் மாளிகைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நார் கலந்த சுண்ணச் சாந்தில் பூசி எழுப்பியவை. பொருட்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

கலைப்பொருள்களுக்காகக் கட்டிய மாளிகை மட்டும் கல்லும் செங்கல்லும் கொண்டு நிரந்தரமாகக் கட்டப்பட்டது. காஸ் கில்பர்ட் என்ற கட்டிடக் கலைஞர் அதற்குத் திட்டம் போட்டார். அதன் நடுக்கூடம், பண்டைய ரோமாபுரியின் காரகல்லா குளியல் மண்டபத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம்!

ஊரில் அதற்கு முன்பே ஒரு சித்திரசாலை இருந்தது. 1879-ல் வாஷிங்டன் சர்வகலாசாலையின் ஒரு பகுதியாக அது தொடங்கப்பட்டது. பொருட்காட்சி முடிந்தபின், 1906-ல், அது இந்தக் குன்றின் மேல் குடியேறியது.

மாளிகை கிடைத்துவிட்டது. நடத்துவதற்குப் பணம்?

வோட்டுப் போட்டு வரி!

சித்திரசாலையின் தலைவர் ஹால்ஸி ஐவ்ஸ் ஒரு யோசனை சொன்னார். ஊரில் வீடு வாசல் வைத்திருப்பவர்கள் கட்டும் சொத்து வரியோடு, கலைக்கென்று ஒரு சிறு தொகையும் வசூலிக்கலாம் என்பது அந்த யோசனை.

வரி என்றாலே ஜனங்கள் முகம் சுளிப்பது உலக வழக்கம். ஆனால் 1907-ல் நகர மக்களிடம் வோட்டுக்கு விட்டபோது நடந்ததோ வேறு! ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜனங்கள் "சரி" என்று வோட்டுப் போட்டார்கள்.

அதோடு சிக்கல் தீரவில்லை. சித்திரசாலை ஒரு தனியார் சர்வகலாசாலையைச் சேர்ந்தது. அதற்கு ஊர்ப் பணத்தைக் கொடுக்க முடியாது என்று நகரத்தின் கணக்கு அதிகாரி மறுத்துவிட்டார். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கடைசியில், 1909-ல் சித்திரசாலை சர்வகலாசாலையிலிருந்து பிரிந்து, நகரத்தின் சொந்தச் சித்திரசாலை ஆயிற்று. 'நகரச் சித்திரசாலை' என்றே பெயரும் வைத்தார்கள்.

1971-ல் மீண்டும் ஒரு வோட்டெடுப்பு. நகரத்தைச் சுற்றியுள்ள செயிண்ட் லூயிஸ் மாவட்டத்து மக்களும் இந்த வரியில் பங்கு கொள்ளச் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டு, 'செயிண்ட் லூயிஸ் சித்திரசாலை' என்ற இன்றைய பெயர் வந்தது.

ஆகவே, இலவசம் என்று எழுதியிருக்கிறதே தவிர, காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்க் குடித்தனக்காரர்கள் வருஷா வருஷம் கட்டுகிறார்கள். அவர்கள் கட்டும் வரியில் வெளியூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் அதே வாசல் வழியாக நுழைகிறார்கள்.

ஊரைக் கலக்கிய பூனை!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் இந்த மாடு தானமாக வந்ததல்லவே! ஊரார் சொந்தப் பணத்தில் வாங்கியது. பல்லைப் பிடித்துப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு முறை பார்த்தும் விட்டார்கள்.

வருஷம் 1938. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். வேலை இல்லாமல் லட்சக்கணக்கானோர் திண்டாடிய காலம். அந்த நேரத்தில், சித்திரசாலை ஒரு பூனை வாங்கியது!

உயிருள்ள பூனை அல்ல, வெண்கலப் பூனை. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்து தேசத்தில் வார்த்தது. அந்நாட்டு மக்கள் பாஸ்தெத் என்ற தேவதையைப் பூனை வடிவில் வழிபட்டார்கள். அவள் கோவிலுக்கு இத்தகைய பூனைச் சிலைகளைக் காணிக்கையாகச் செலுத்துவது வழக்கம்.

விலை 14,400 டாலர்!

செய்தி வெளியானதும் ஊர் கொதித்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஜனங்கள் நிற்கிறார்கள்; வரிப் பணத்தில் பூனை வாங்குகிறீர்களா என்று கண்டனங்கள் கிளம்பின. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இந்த ஊரில் யாரும் தயங்கவில்லை!

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பசித்த வயிற்றுக்கு முன் வெண்கலப் பூனை எம்மாத்திரம்? ஆனால் மறு பக்கமும் உண்டு. அந்தப் பணத்தைப் பங்கிட்டிருந்தால், சில நாள் சாப்பாட்டோடு அது முடிந்திருக்கும். அன்று வேலையில்லாமல் நின்றவனின் பேரனும் கொள்ளுப் பேரனும் இன்று காலணா செலவில்லாமல் போய் அதன் முன் நிற்கலாம். இரண்டு பக்கத்து வாதமும் சரிதான். எது பெரிது என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஊராரின் வேலை. பூனையை அவர்கள் விற்கவில்லை. அது இன்றும் அந்தச் சித்திரசாலைக்கே சொந்தம்.

எந்த நாள் நல்ல நாள்?

இனி பிரயாண ஏற்பாட்டுக்கு வருவோம்.

திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. கிறிஸ்துமஸ் அன்றும், நவம்பர் மாதத்து நன்றி நவிலல் பண்டிகை அன்றும் கதவு திறக்காது. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை மட்டும் இரவிலும் திறந்திருக்கும். ஆபீஸ் வேலை முடித்துப் பிள்ளைகள் அழைத்துப் போவதற்கு வெள்ளி தோதான நாள். பண்டிகைக் காலங்களில் நேரம் மாறலாம். முதல் நாளே விசாரித்துக் கொள்வது நல்லது.

நிரந்தரமாக வைத்திருக்கும் கலைப்பொருள்களைப் பார்க்கத்தான் காசில்லை. வெளியூர்களிலிருந்து தருவித்து நடத்தும் விசேஷக் கண்காட்சிகளுக்கு டிக்கெட் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் காசு வாங்குவதில்லை. வெள்ளிக்கு இப்படி இரட்டை லாபம்! ஆனால் கூட்டமும் அன்றுதான் அதிகம். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய், புதன் காலையில் போகலாம்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிடத்துக்கு அடியில் உள்ள நிறுத்துமிடத்தில் கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. சித்திரசாலையைச் சுற்றியுள்ள சாலைகளில் இலவசமாக நிறுத்தலாம். ஆனால் இடம் கிடைக்கச் சற்று முன்னதாகப் போக வேண்டும். இலவசச் சித்திரசாலைக்குப் போய், கார் நிறுத்தக் காசு கொடுத்தோம் என்று பிறகு வருந்த வேண்டாம்!

வயதானவர்கள் நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தரை முழுதும் கல், நடை அதிகம். நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக் கொள்ளலாம். காபி, சாப்பாட்டுக்கு உள்ளேயே வசதி உண்டு. பெரிய மூட்டை முடிச்சுகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

மாளிகைக்கு முன்னால் குதிரை மேல் ஒரு வீரர் சிலையாக நிற்பார். அவர் பிரான்ஸ் தேசத்தை ஆண்ட 9-ம் லூயி மன்னர். ஊருக்குப் பெயர் வந்தது அவரால்தான். சிலைக்குக் கீழே புல் மூடிய சரிவு இறங்கி ஒரு குளத்தில் முடியும். குளிர்காலத்தில் பனி விழுந்தால், ஊர்க் குழந்தைகளெல்லாம் பலகைகளை எடுத்துக்கொண்டு வந்து அந்தச் சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். அதற்கும் காசில்லை!

எல்லாவற்றையும் பார்க்காதீர்கள்!

காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் என்ன ஆகிறது? கொடுத்த காசுக்கு வட்டியும் முதலுமாக வசூல் செய்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஓர் அறை விடாமல் ஓடுகிறோம். ஒரு சித்திரத்துக்கு அரை நிமிஷம். மாலையில் கால் வலியும் தலை வலியும்தான் மிச்சம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இலவசச் சித்திரசாலையின் பெரிய லாபம் இதுதான்: அங்கே அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து விடலாம். நாளைக்கு மறுபடியும் போகலாம். யாரும் மறு டிக்கெட் கேட்கப் போவதில்லை. ஆகவே ஐந்தே ஐந்து பொருள்களை மனத்தில் குறித்துக்கொண்டு போங்கள். சில சமயம் சித்திரங்களை இடம் மாற்றுவார்கள். பழுது பார்க்க எடுத்தும் வைப்பார்கள். நுழைந்தவுடன் விசாரணை மேஜையில் கேட்டால், எந்த அறை என்று சொல்வார்கள்.

முதலில் பூனை. ஊரையே கலக்கிய ஆசாமி அல்லவா? முன்னங்கால்களை ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். 14,400 டாலர் பெறுமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தேர்தல் சித்திரம். ஜார்ஜ் கேலப் பிங்ஹாம் என்ற மிசௌரி மாகாணத்து ஓவியர் 1852-ல் தீட்டியது. வோட்டுச் சீட்டு வராத காலம். வோட்டர் கோர்ட்டுப் படிக்கட்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு, தம்முடைய வோட்டு யாருக்கு என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும்! அபேட்சகர் தொப்பியைத் தூக்கிக் கும்பிடு போடுகிறார். குடி மயக்கத்தில் தள்ளாடும் ஒருவரைத் தாங்கிப் பிடித்து வோட்டுப் போட இழுத்து வருகிறார்கள். அடிபட்டுத் தலையில் கட்டோடு ஒருவர் பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். 'ஜனங்களின் விருப்பமே உன்னதச் சட்டம்' என்று ஒரு கொடி பறக்கிறது!

கூட்டத்தில் பெண் வோட்டர் ஒருவர்கூட இல்லை. மது வார்த்துக் கொடுக்கும் கறுப்பு மனிதர் ஒருவர் ஓரத்தில் நிற்கிறார். அவருக்கும் வோட்டு இல்லை. பிங்ஹாம் தாமே தேர்தலில் நின்றவர். 1846-ல் 3 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, பிறகு எழுந்த தகராறில் ஸ்தானத்தை இழந்தார். அடிபட்டவர் தீட்டிய படம். அதனால்தான் இத்தனை உயிரோட்டம்! இதே வரிசையில் அவர் தீட்டிய இன்னும் இரண்டு தேர்தல் சித்திரங்களும் இதே சித்திரசாலையில் இருக்கின்றன.

மூன்றாவது, ஒரு சீமாட்டி. ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஜெர்மன் ஓவியர் 1527-ல் இங்கிலாந்தில் தீட்டிய மேரி கில்ட்போர்டு அம்மாளின் சித்திரம். கழுத்தில் தங்கச் சங்கிலிகள், கையில் பிரார்த்தனைப் புத்தகம், முகத்தில் கண்டிப்பு. ஆனால் இதற்காக ஹோல்பைன் முன்கூட்டி வரைந்த கோட்டுச் சித்திரம் ஒன்று சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரில் இருக்கிறது. அதில் இதே அம்மாள் ஓரக் கண்ணால் பார்த்துப் புன்னகை செய்கிறார்! புருஷர் ஹென்றியின் சித்திரத்தையும் அதே ஓவியர் தீட்டினார். அது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஜோடியாகத் தீட்டிய புருஷனும் மனைவியும் இன்று கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்!

நான்காவது, ஆமையும் மூன்று பெண்களும். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1908-ல் தீட்டியது. ஜெர்மனியில் ஒரு சித்திரசாலையில் இருந்தது. ஹிட்லர் ஆட்சி, 'சீர்கெட்ட கலை' என்று முத்திரை குத்தி அதைப் பறித்தது. 1939-ல் சுவிட்சர்லாந்தில் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்தவர் செயிண்ட் லூயிஸ் பத்திரிகை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் புலிட்சர். 1964-ல் இந்தச் சித்திரசாலைக்குச் சேர்ந்தது.

அதோடு, அதே ஆட்சியால் துரத்தப்பட்ட ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் பெக்மானின் சித்திரங்களையும் பாருங்கள். 1937-ல் தாய்நாட்டை விட்டு ஓடிய அவர், ஆம்ஸ்டர்டாம் நகரில் பத்து ஆண்டுகள் காலம் தள்ளினார். 1947-ல் செயிண்ட் லூயிஸுக்கு வந்து சர்வகலாசாலையில் ஓவியம் கற்பித்தார். இந்த ஊர் வியாபாரி மார்ட்டன் மே அவருடைய சித்திரங்களை ஆசையோடு வாங்கிச் சேர்த்து, தமக்குப் பின் சித்திரசாலைக்கே எழுதி வைத்தார். பெக்மான் சித்திரங்கள் இங்கே இருக்கும் அளவுக்கு உலகில் வேறெந்தச் சித்திரசாலையிலும் இல்லை.

மூன்று ஊர்களில் ஒரு குளம்!

ஐந்தாவது, கிளாட் மோனேயின் அல்லிக் குளம். இதைக் கடைசியாக வைத்துக் கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டிய சித்திரம்.

பிரெஞ்சு ஓவியர் மோனே, முதுமையில் கண் பார்வை மங்கிய நிலையிலும், தம் தோட்டத்துக் குளத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். அவற்றில் ஒன்று, சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய மூன்று பெரிய சித்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 அடி அகலம். 1926-ல் அவர் காலமான பிறகு, மூன்றும் தனித் தனியாக விலை போயின. நடுச் சித்திரத்தை 1956-ல் வாங்கியது செயிண்ட் லூயிஸ். மற்ற இரண்டில் ஒன்று 250 மைல் மேற்கே கான்ஸாஸ் சிட்டி நகரில் இருக்கிறது. இன்னொன்று கிளீவ்லாந்து நகரில்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு சித்திரசாலைகளிலும்கூட நுழைவுக் கட்டணம் இல்லை! 2011-ல் மூன்று சித்திரங்களையும் கான்ஸாஸ் சிட்டியில் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார்கள்; பிறகு செயிண்ட் லூயிஸிலும் காட்டினார்கள். அமெரிக்காவில் நீண்ட நாள் தங்குகிறவர்கள், மூன்று ஊர்களுக்கும் போனால், ஒரு காசு டிக்கெட் வாங்காமல் மோனேயின் குளத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். பிரயாணச் செலவு அவரவர் பொறுப்பு!

போதும் என்று தோன்றும்போது...

வெளியே வரும்போது, பழைய மாளிகைக்கும் 2013-ல் திறந்த புதுக் கட்டிடத்துக்கும் நடுவே சற்று நில்லுங்கள். ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற கலைஞர் அடுக்கி வைத்த 25 கல் வளைவுகள், அலை அலையாக நெருக்கியடித்து நிற்கும். ஒரு யுகத்தில் கடலாக இருந்த பிரதேசம் அது. அந்தக் கடலடியில் படிந்து இறுகியதுதான் அவ்வூர்ச் சுண்ணாம்புக் கல்.

குழந்தைகள் "போதும், போதும்" என்று நச்சரித்தால், வற்புறுத்தாதீர்கள். அதே பூங்காவில் மிருகக்காட்சி சாலையும் இருக்கிறது. அதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அதுவும் அதே வரிப் பணத்தில் நடப்பதுதான். யானையையும் குரங்கையும் பார்க்கட்டும். சித்திரங்கள் ஓடிப் போய்விடாது. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி கதவு திறக்கும்.

சித்திரசாலையில் ஒரு நன்கொடைப் பெட்டி கண்ணில் பட்டால், இயன்றதைப் போடலாம். போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர் யாரையாவது சந்தித்துப் பேச நேர்ந்தால், "உங்கள் சித்திரசாலையைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.